தோல் பதனிடுகிறவன் வீட்டு மொட்டைமாடி

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூர் பக்கத்துக் காலனி ஒன்றில் இருக்கிற எங்கள் சபை. ஆராதனை முடிகிற நேரத்தில் ஐயர் கையை உயர்த்தி விசேஷ ஸ்தோத்திர ஜெபம் ஒன்று ஏறெடுத்தார். (எங்கள் பக்கம் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறோம். சேரியில் பிறந்து சேரிக்கே ஊழியம் செய்கிற மனிதருக்கு இந்தப் பட்டம் எப்படி ஒட்டியது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) அமெரிக்காவில் கர்த்தர் தம்முடைய மனுஷனை மறுபடியும் ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டாராம். கருக்கலைப்பு ஒழியுமாம். ஆணும் ஆணும் கட்டிக்கொள்கிற அருவருப்பு ஒழியுமாம். குடும்பம் காப்பாற்றப்படுமாம். சபையார் ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அத்தை கேட்டது: "இன்னாடா அது, டிரம்பு டிரம்புன்னு சொல்லிக்கினே இருந்தாரு? நம்ம ஷாப்புல தோலு போட்டு சுத்துவாங்களே, அந்த டிரம்மா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அத்தை கேட்டதில் தப்பில்லை. அத்தைக்குத் தெரிந்த டிரம், உள்ளே போட்டதையெல்லாம் சுழற்றிச் சுழற்றி முடி இல்லாமல் ஆக்கித் துப்புகிற டிரம்.

அதே ஆராதனையில் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போனபோது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. என் சித்தி மகள், எனக்கு அக்கா. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். குடித்துவிட்டு வந்து அடித்து ஒருமுறை கையை முறித்தே போட்ட புருஷனை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்தாள். மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். தேவன் இணைத்ததை மனுஷி பிரிக்கலாமா என்றார்கள். திரும்பிப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. திருவிருந்தை நிறுத்திவிட்டார்கள். கையை முறித்தவன் மட்டும் அன்றைக்கு முதல் வரிசையில் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு போனான்.

நான் கொஞ்ச காலம் அந்தச் சபைக்குச் செயலராக இருந்தவன். ஒழுங்கு நடவடிக்கைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறேன். ஓடிப்போனவள், கல்யாணத்துக்கு முன்னால் வயிற்றில் வாங்கினவள், புருஷனை விட்டவள், வேற்று மதத்தானைக் கட்டினவள் என்று பூராவும் பெண் பெயர். நடுநடுவே குடிகாரன் ஒருவன், இரண்டு பேர். அருந்ததியர் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக ஒருவன் பெயரும் அதில் இல்லை. அஞ்சு வட்டிக்கு விட்டு அநாதை வீட்டுக் கம்மலைப் பிடுங்கினவன் பெயர் இல்லை. சாதி என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆக, நம் சபைக் கணக்கில் பாவம் என்பது பெண்ணின் உடம்பில் மட்டும் குடியிருக்கிற ஒன்று. இந்தக் கணக்கை நமக்கு எழுதிக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

*

கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "வெள்ளைக்காரன் மதம், அமெரிக்கக் காசு" என்கிற பேச்சு காக்கி டவுசர்காரன் பேச்சு. அந்தப் பேச்சு இந்தக் கட்டுரையில் இல்லை. எங்கள் தாத்தனுக்கு எழுத்தறிவு கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடம். ஊர்க்கிணற்றுப் பக்கம் போக முடியாதவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது அந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. ஸ்கடர் குடும்பத்தாரின் ஆர்க்காடு மிஷன் சாதியை விட்டுவிட்டு வா என்று கறாராகச் சொன்ன மிஷன்களில் ஒன்று. ஆம்பூரில் பெதஸ்தா ஆஸ்பத்திரியைக் கட்டியது அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷன். நன்றி கெட்டவர்கள் அல்ல நாம்.

ஐடா ஸ்கடர் கதை வேலூர்க்காரன் எல்லோருக்கும் தெரியும். 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் தகப்பனார் வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. தகப்பனார் டாக்டர், ஆனால் ஆண். அந்நிய ஆண் தொட்டால் குடும்ப மானம் போய்விடும், நீ வா என்றார்கள். ஐடா அப்போது டாக்டர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார், 1900ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார், 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். இதை ஊழியத்தின் மகிமையாக எல்லாப் பிரசங்கத்திலும் சொல்கிறார்கள். யார் அந்த மூன்று பெண்களைக் கொன்றது என்று மட்டும் சொல்வதில்லை. வியாதி கொன்றதா? குடும்ப மானம் கொன்றது. அந்தக் குடும்ப மானத்துக்கு எதிராக எழும்பியது சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இன்றைக்கு அதே அமெரிக்காவிலிருந்து 'குடும்ப மதிப்பீடு' என்ற பெயரில் அதே மானம் பெட்டி கட்டி நமக்கு வந்து சேருகிறது. பிரசங்கக் குறிப்பாக வருகிறது, வீடியோவாக வருகிறது, வாட்சப்பில் வருகிறது. நாம் ஆமென் சொல்கிறோம்.

*

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம் தோழர்களே.

எங்கள் பகுதிக்கு வந்த மிசௌரி மிஷனின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895ல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கிய நேத்தர், மோன் இருவரும் அதற்கு முன் ஜெர்மானிய லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். லைப்சிக் மிஷன், கார்ல் கிரவுல் வகுத்த வழியில், சபைக்குள் சாதி இருப்பதைச் சமூக வழக்கம் என்று பொறுத்துப்போன மிஷன். மற்ற மிஷன்கள் கண்டித்தும் அது மசியவில்லை. இவர்கள் இருவரும் அதை விட்டு வெளியே வந்தது எதற்காக? வேதத்தின் ஒவ்வொரு எழுத்தும் பிழையற்றதா இல்லையா என்ற தகராறுக்காக! பந்தியில் சேரிக்காரன் தனியாக உட்கார்ந்திருந்தான். அது தகராறு ஆகவில்லை. எழுத்து தகராறு ஆயிற்று.

எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு அவர்களுடைய தாய்ச்சபையே சாட்சி. 1847ல் தொடங்கிய மிசௌரி சினாட்டின் முதல் தலைவர் வால்தர். அமெரிக்காவில் கறுப்பர் விடுதலைக்காக உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், அடிமை வைத்திருப்பது தன்னளவில் பாவமல்ல என்று வசனம் காட்டி வாதாடியவர் அவர். ஏடறிந்த பெரிய பண்டிதர். வசனம் அவர் கையில் இருந்தது. சங்கிலி வேறொருவன் காலில் இருந்தது.

தெற்கத்திப் பாப்டிஸ்டுகள் 1845ல் தனிச்சபை கட்டியதே அடிமை வைத்திருப்பவன் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில்தான். போகலாம் என்றவர்கள் கட்டிய சபை அது. மன்னிப்புக் கேட்டது 1995ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றைம்பது வருஷம்.

'இவர்கள் எல்லாம் சிசுவைக் காப்பாற்றப் புறப்பட்ட பக்தர்கள்' என்று நம் ஐயர்கள் நம்புகிறார்கள். அங்கே கருக்கலைப்பை உச்சநீதிமன்றம் அனுமதித்தது 1973ல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1971ல், இதே தெற்கத்திப் பாப்டிஸ்டு மாநாடு, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்புக்கு இடம் கொடுக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிறகு எப்போது கோபம் வந்தது? பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்று ஒன்று. 1971 வரை கறுப்பரைச் சேர்க்காத 'கிறிஸ்தவ'ப் பல்கலைக்கழகம். சேர்த்த பிறகும் வெள்ளையனும் கறுப்பச்சியும் பழகக்கூடாது என்று விதி போட்டது. 1976ல் அரசு அதன் வரிவிலக்கைப் பறித்தது. 1983ல் உச்சநீதிமன்றமும் பறித்தது சரியே என்றது. வெள்ளைப் பள்ளிக்கூடங்களின் வரிவிலக்குக்குக் கை வைத்தபோதுதான் பழமைவாதப் பாதிரிகள் அரசியலுக்குத் திரண்டார்கள் என்று அமெரிக்க வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். ஜெர்ரி ஃபால்வெல்லின் 'ஒழுக்கப் பெரும்பான்மை' அமைப்பு பிறந்தது 1979ல். கருக்கலைப்பு அதற்குப் பிறகு பிடித்துக்கொண்ட கொடி. கலப்புக் காதலுக்குப் போட்ட தடையை அந்தப் பல்கலைக்கழகம் எடுத்தது 2000ல்!

இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? 1916லேயே, மாணவராக இருந்தபோதே, அமெரிக்காவிலேயே நின்று, அண்ணல் அம்பேத்கர் சொல்லிவிட்டார்: அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. பெண்ணை வேலிக்குள் வைத்தால்தான் சாதி நிற்கும். வேலியைத் தாண்டுகிறவளைத் தண்டித்தால்தான் வேலி நிற்கும். அங்கே நிறத்துக்கு வேலி, இங்கே சாதிக்கு வேலி. இரண்டுக்கும் 'குடும்பம்' என்று பெயர். 'கிறிஸ்தவ வேளாளர் மணமகள் தேவை', 'கிறிஸ்தவ நாடார் மணமகன் தேவை' என்று ஞாயிறு தவறாமல் விளம்பரம் வருகிற தமிழ்நாட்டில், குடும்பத்தைக் காப்பாற்று என்று சேரிச் சபை ஜெபிப்பது நம்மை வெளியே நிறுத்துகிற வேலிக்கு நாமே முள் வெட்டிக் கொடுப்பது. அந்த வேலியை நாமும் நம் பங்குக்கு அருந்ததியர் தெருவோரமாக நட்டு வைத்திருக்கிறோம். அந்த வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

*

"அப்போ அமெரிக்காக்காரன் எல்லாரும் அயோக்கியனா?" என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டான். இல்லை தம்பி. அங்கே இரண்டு வேதம் வாசிக்கப்பட்டது. அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845லேயே, அடிமைக்காரன் கிறிஸ்தவமும் கிறிஸ்துவின் கிறிஸ்தவமும் ஒன்றல்ல என்று பிரித்து எழுதினார். மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807ல் லண்டனில் ஒரு வேதம் அச்சடித்தார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையான கதையை அதில் வெட்டிவிட்டார்கள். எந்தப் பக்கத்தை எடுத்தால் ஆபத்து இல்லை என்று எஜமானுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பர் வெட்டின பக்கத்தையே பாட்டாகப் பாடினார்கள். 1963ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் கடிதம் எழுதியது நாத்திகருக்கு அல்ல, அவசரப்படாதே என்று புத்தி சொன்ன எட்டு மதகுருமாருக்கு. கறுஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டுதான் 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். நமக்கு அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் உண்டு. நம் ஐயர் ஜெபிக்கிற கூட்டத்தில் அவர்கள் இல்லை. 2024 தேர்தலில் வெள்ளைப் பழமைவாதக் கிறிஸ்தவர் பத்துக்கு எட்டுப் பேர் ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். கறுப்புச் சபையார் பெரும்பாலோர் எதிராகப் போட்டார்கள். ஒரே வேதம், ஒரே கர்த்தர், இரண்டு ஓட்டு. நாம் யார் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்?

நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. எண்பதுகளில், எய்ட்ஸ் தேவன் கொடுத்த தண்டனை என்று ஃபால்வெல் அங்கே பிரசங்கித்துக்கொண்டிருந்தார். 1986ல் சென்னையில் மருத்துவர் நிர்மலா, பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு சோதிக்க இடம் தேடி வந்தது வேலூர் சி.எம்.சி.க்கு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அந்தச் சோதனையில். ஒரு கிறிஸ்தவம் விரல் நீட்டித் தீர்ப்புச் சொன்னது. இன்னொன்று ரத்தத்தைக் கையில் வாங்கிப் பார்த்தது. பழித்த கிறிஸ்தவத்துக்குத்தான் இன்று சபையில் மைக் கிடைக்கிறது.

*

இனி அரசியல். 2016 மே மாதம் டெல்லியில் இந்து சேனாக்காரர்கள் ட்ரம்பு ஜெயிக்க யாகம் வளர்த்தார்கள். 2019 செப்டம்பரில் ஹூஸ்டனில் மோடியும் ட்ரம்பும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். 2020 பிப்ரவரியில் அகமதாபாத்தில் 'நமஸ்தே ட்ரம்ப்' நடந்தது. 1999ல் ஸ்டெயின்ஸ் பாதிரியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஜீப்பில் வைத்து எரித்த கருத்தியலும், 2008ல் கந்தமாலில் தலித், பழங்குடிக் கிறிஸ்தவர் வீடுகளைக் கொளுத்திய கருத்தியலும் ஒரு பக்கம் அவருக்கு ஆரத்தி எடுக்கிறது. அதே ஆளுக்கு எங்கள் காலனியில் ஸ்தோத்திர ஜெபம்! யாகமும் ஜெபமும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் யாரோ ஒருவர் ஏமாந்திருக்கிறார் என்று அர்த்தம். யார் என்று சொல்ல வேண்டுமா?

எதிர்க்கட்சிக்காரன் மட்டும் உத்தமன் என்று சொல்லவில்லை. 2023ல் கலிபோர்னியச் சட்டமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க நிறைவேற்றிய மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர். அங்கே யாரும் நம் மேய்ப்பன் அல்ல.

ஜெபத்துக்குப் பலன் சீக்கிரமே வந்தது. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கு அபராதமாம். எண்ணெய் வாங்கினது ஆம்பூர்ச் சேரிக்காரனா? ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையிலிருந்து போகிற ஷூவும் தோலும் அடிபட்டது. அக்காவின் கம்பெனியில் முதலில் ஓ.டி. நின்றது. பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை. "கர்த்தரோட மனுஷன்னு சொன்னாரே ஐயரு, அவுரு இன்னாத்துக்குடா என் கூலில கைய வைக்கிறாரு?" என்று அக்கா கேட்டாள். நான் அவளை ஐயரிடமே போய்க் கேட்கச் சொன்னேன். கேட்டாள். "எல்லாம் நன்மைக்கே ஏதுவாக நடக்கும், பொறுமையா இரும்மா" என்றாராம். யாருக்கு நன்மை என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.

ஜெபிக்க வேறு விஷயமா இல்லை நமக்கு? 1950 ஆகஸ்டு 10ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவனைப் பட்டியல் சாதி அல்ல என்றது. 1956ல் சீக்கியருக்குத் திறந்தார்கள், 1990ல் பௌத்தருக்குத் திறந்தார்கள். தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் கதவு மூடியே கிடக்கிறது. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கு என்றது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எங்கள் சபை அந்த ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்துப் பதினாறாம் நாள், 2024 நவம்பர் 26ல், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் என்று இரட்டை வாழ்க்கை வாழ்கிற வீடு எங்கள் தெருவில் எத்தனை! அடுத்த ஞாயிறு ஜெபத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்டு 10ஐக் கருப்பு நாளாக அனுசரிக்கிற சபைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எங்கள் காலனிக்கு அந்தக் கருப்புத் துணி இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்க வீடியோ வந்துவிட்டது.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கிய தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் பெரும்பாலோர். பாலாறு குரோமியம் குடித்த கதையில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996ல். பிறக்காத சிசுவுக்காகக் கண்ணீர் விடுகிற பிரசங்கம், பிறந்து வளர்ந்து கழிவுச் சேற்றில் மூச்சடைத்துச் செத்தவனுக்காக ஒரு ஞாயிறு அழுததுண்டா? இதுதான் உயிரின் மேல் வைத்த பக்தியா?

*

"வேதத்துல எழுதியிருக்குதே, நாம இன்னா செய்யறது" என்பார்கள். சரி, எழுத்துக்கே வருகிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியும் பத்தாம் அதிகாரமும். பேதுரு யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கினது யார் வீட்டில்? தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். வீடு கடலோரம். ஏன் கடலோரம்? தோல் ஷாப்பு ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்பது யூதர் சட்டம். நாற்றமும் தீட்டும் பட்டுவிடுமாம். நம் காலனி ஏன் ஆற்றோரம் என்று கேட்கிற மாதிரிதான்.

நடுப்பகல். பசி. பேதுரு மொட்டைமாடிக்கு ஏறினான். கீழே தொட்டியில் தோல் ஊறியிருக்கும். வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்கினது, அதற்குள் நாலுகால் பிராணிகள், ஊர்வன, பறவைகள். அடித்துச் சாப்பிடு என்று சத்தம் கேட்டது. பேதுரு மாட்டேன் என்றான். தீட்டானதைத் தின்றதே இல்லை என்றான். அவன் சொன்னது சொந்தக் கருத்தல்ல தோழர்களே, அது எழுத்து! நியாயப்பிரமாணத்தில் எழுதியிருக்கிற எழுத்து. தேவனோ, நான் சுத்தமாக்கினதை நீ தீட்டு என்னாதே என்று மூன்று தரம் திருத்தினார். எழுத்தைப் பிடித்துத் தொங்கியவனைத் தேவனே திருத்தின இடம் எது? எருசலேம் ஆலயம் அல்ல. தோல் பதனிடுகிறவன் வீட்டு மொட்டைமாடி!

ஐம்பது வருஷமாக இந்தத் தோல் பூமியில் பிரசங்கம் கேட்கிறேன். சீமோன் வீட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் மழையைச் சாக்கு சொல்லி விழாவையே தள்ளிப்போட்டார்கள். அந்த வாரமாவது அந்தத் துப்பட்டியை விரித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

ஆகவே, சபையை விட்டு ஓடு என்று நான் சொல்லவில்லை. அண்ணல் காட்டிய வழியில் போகிறவர் போகட்டும், அவர்களுக்கு ஜெய்பீம். இருக்கிறவர்கள் சும்மா இருக்கக்கூடாது என்கிறேன். அடுத்த சபைக்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கைப் புத்தகத்தில் சாதி பார்க்கிறவன் பெயரை எழுது. பெண்சாதியை அடிக்கிறவனுக்குத் திருவிருந்தை நிறுத்து, அடிபட்டவளுக்குக் கொடு. ஆகஸ்டு 10 அன்று கருப்புக்கொடி ஏற்று. ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் செத்தவர்களுக்காக மணி அடி. எந்த நாட்டு அதிபருக்கும் ஸ்தோத்திர ஜெபம் வேண்டாம். படித்த மாணவத் தோழர்கள் லீவில் ஊருக்கு வரும்போது ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு யோப்பாக் கதையைச் சொல்லிக்கொடுங்கள்.

போன மாசத் திருவிருந்தில் அக்கா பெஞ்சில் உட்காரவில்லை. எழுந்து நடந்து போய் வரிசையில் முழங்கால் போட்டாள். ஐயர் பாத்திரத்தோடு அவளைத் தாண்டிப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை. அத்தையும் போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டது. நானும் போனேன். அடுத்த மாசம் இன்னும் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.